‘ஒன்றை அழுத்தவும்’ யாருக்குச் சொந்தம்?

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடித்துக்கொண்டு வரும் காற்றில், கருமத்தம்பட்டிப் பக்கம் எங்காவது ஓரிடத்தில் மின்கம்பி மேல் மரக்கிளை விழுந்தே தீரும். தறிக்கூடம் அப்படியே நின்றுபோகும். ஓடாத தறிக்குக் கூலி கிடையாது. ஆகவே, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் கைப்பேசியை எடுப்பார். முதலில் லைன்மேனுக்கு அடிப்பார். அவர் கம்பத்தின் மேல் இருப்பார், எடுக்க மாட்டார். அடுத்தது மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண், 94987 94987. 2021 ஜூனில் சென்னையில் தொடங்கிய சேவை மையம் அது, 24 மணி நேரமும் இயங்குவது. அதே காற்றில் சோமனூரிலும் சூலூரிலும் பல்லடத்திலும் கரண்ட் போயிருக்கும். அங்கிருந்தும் அதே எண்ணுக்குத்தான் அழைப்புகள் போய்க்கொண்டிருக்கும்.

எண் ஒன்று. எடுப்பவர்கள் பலர். அழைப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. இப்படிப்பட்ட மையங்களில் எந்த அழைப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும், யார் பாட்டுக் கேட்டபடி காத்திருக்க வேண்டும் என்பதை ஓர் இயந்திரம் தீர்மானிக்கிறது. அப்படித் தீர்மானிக்கும் முறைக்கு ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா? முடியும் என்று சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் வாங்கியவர் இருக்கிறார். முடியாது என்று நீதிமன்றம் ஏறி ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள்.

காப்புரிமைச் சண்டைகளைப் பின்தொடர ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் ‘கோரிக்கைகள்’ என்று எண் போட்டு எழுதிய வாக்கியங்கள் இருக்கும். நிலப் பத்திரத்தில் எழுதும் நான்கெல்லை மாதிரி அவை. உள்ளே நுழைந்தால் அத்துமீறல், வெளியே நின்றால் யாரும் கேட்க முடியாது. முன்னால் எத்தனை பக்கம் விளக்கமும் படமும் இருந்தாலும் வழக்கு நடப்பது இந்த எல்லை வாக்கியங்களின் மீதுதான். எல்லையைக் குறுக்கிப் போட்டால் எதிராளி சுற்றிக்கொண்டு போய்விடுவார். அகலமாகப் போட்டால், இது உனக்கு முன்பே இருந்ததுதானே என்று யாராவது ஒரு பழைய தாளை எடுத்து நீட்டுவார்கள். தொலைபேசி அழைப்பைத் திருப்பிவிடும் தொழில்நுட்பத்தில் இந்த இரண்டாவது ஆபத்துதான் அதிகம். ‘அழைப்பு உரிய ஆளிடம் போய்ச் சேர வேண்டும்’ என்ற ஆசை தொலைபேசி பிறந்த அன்றைக்கே எல்லோருக்கும் இருந்தது. அந்த ஆசையை எப்படி நிறைவேற்றினாய் என்பது மட்டுமே ஒருவர் உரிமை கோரக்கூடிய பகுதி.

*

முதல் ‘எப்படி’ இரும்பிலும் பித்தளையிலும் இருந்தது. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்குகள் நடத்தித்தரும் தொழில் செய்தவர் ஆல்மன் ஸ்ட்ரோஜர். அவருடைய போட்டியாளரின் மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தார், ஸ்ட்ரோஜருக்கு வரும் அழைப்புகளைத் தன் கணவருக்கே திருப்பிவிட்டார், கோபத்தில் இவர் ஆபரேட்டரே இல்லாத இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. கதை மெய்யோ பொய்யோ, நம்பும்படியாகத்தான் இருக்கிறது. பம்பாய்க்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு, மார்க்கெட் மூடுவதற்குள் லைன் கிடைக்குமா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்த கோவை நூல் வியாபாரிகளுக்கு ஆபரேட்டரின் தயவு எவ்வளவு பெரிய விஷயம் என்பது நன்றாகத் தெரியும்.

1889 மார்ச்சில் விண்ணப்பித்த ஸ்ட்ரோஜருக்கு 1891 மார்ச் 10 அன்று காப்புரிமை கிடைத்தது. எண் 447918. அதற்கும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1879இல், கானலி சகோதரர்களும் மெக்டைக் என்பவரும் ஆபரேட்டர் இல்லாத தொலைபேசி நிலையத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பிறகு எப்படி ஸ்ட்ரோஜருக்குக் கிடைத்தது? ஆசை பழையதாக இருந்தாலும் அவருடைய இயந்திரம் புதிது.

அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பிற்காலத்தில் முழு வடிவம் பெற்ற ஸ்ட்ரோஜர் நிலையத்தில், அரைவட்டமாக வளைந்த ஒரு சட்டத்தில் பத்து அடுக்குகள் இருக்கும். அடுக்குக்குப் பத்துத் தொடுமுனைகள், ஆக நூறு. நடுவே ஒரு தண்டு, அதில் ஒரு சிறு கை. டயலில் 4 சுற்றி விட்டால் தொலைபேசிக் கம்பியில் மின்னோட்டம் நான்கு முறை விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு துண்டிப்புக்கும் ஒரு மின்காந்தம் தண்டை ஒரு படி மேலே தள்ளும். நான்காவது அடுக்கில் கை நிற்கும். அடுத்து 7 சுற்றினால் அதே கை பக்கவாட்டில் ஏழு படி நகர்ந்து 47ஆம் எண் சந்தாதாரரின் முனையைத் தொடும். வினாடிக்குச் சுமார் பத்துத் துடிப்பு. நான்கு இலக்க எண்ணென்றால் முதல் இரண்டு இலக்கங்களுக்கேற்ப ஆயிரத்தையும் நூறையும் தேர்ந்தெடுக்க வேறு தண்டுகள் உண்டு. எண்ணைச் சுற்றச் சுற்ற, வழி படிப்படியாகத் திறந்துகொண்டே போகும். கருவி இருக்கும் அறைக்குள் நின்றால் ஊரில் யாரோ யாரையோ அழைப்பது ‘டக் டக் டக்’ என்று காதில் விழும்.

1892 நவம்பர் 3 அன்று இந்தியானா மாநிலத்து லா போர்ட் ஊரில் இது செயலுக்கு வந்தது. ஸ்ட்ரோஜர் தன் காப்புரிமைகளை 1896இல் 1,800 டாலருக்கும், நிறுவனத்தில் இருந்த பங்கை இரண்டு ஆண்டு கழித்து 10,000 டாலருக்கும் விற்றுவிட்டு ஒதுங்கினார். அவர் பெயரைத் தாங்கிய கருவிகள் அதன்பின் முக்கால் நூற்றாண்டு உலகமெங்கும் ஓடின. பெங்களூரில் 1948இல் தொடங்கிய ஐ.டி.ஐ. ஆலையிலும் முதலில் செய்தது ஸ்ட்ரோஜர் வகைக் கருவிகளைத்தான். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, ஆபரேட்டர் இல்லாமல் வெளியூரை நேரடியாக அழைக்கும் நாட்டின் முதல் எஸ்.டி.டி. வந்தது.

அந்தக் காலத்துக் காப்புரிமைச் சண்டைகளுக்கு ஒரு வசதி இருந்தது. இரண்டு கருவிகளையும் நீதிபதியின் மேசை மேல் வைக்கலாம். தண்டு மேலே போகிறதா, கை சுழல்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தீர்ப்பு எழுதலாம்.

*

அந்த வசதியைக் கெடுத்தவை இரண்டு மாற்றங்கள். முதலாவது ஓசை.

டயலின் துடிப்பு உள்ளூர்த் தொலைபேசி நிலையத்தோடு முடிந்துவிடும். கம்பியில் மின்னோட்டத்தைத் துண்டிக்கிற சமிக்ஞை அது, அங்குள்ள தண்டைத் தள்ளியதோடு அதன் வேலை தீர்ந்தது. மறுமுனையில் இருப்பவருக்கு அது போய்ச் சேராது. 1963 நவம்பரில் பெல் நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த பொத்தான் தொலைபேசி வேறு வழியில் போனது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்கள். 1 அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். பக்கத்தில் உள்ள 2க்குக் கீழ்ச்சுரம் அதே 697, மேல்சுரம் மட்டும் 1336. கிடை வரிசைக்கு ஒன்று, செங்குத்து வரிசைக்கு ஒன்று. ஒரு சுரத்தின் மடங்கு இன்னொன்றோடு ஒத்துப்போகாதபடி எண்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பேச்சிலோ பாட்டிலோ இந்த இரட்டைச் சுரம் தற்செயலாக வந்து இயந்திரத்தை ஏமாற்றிவிடக் கூடாதே.

இதில் பெரிய விஷயம், சுரம் பேச்சோடு பேச்சாகவே பயணம் செய்யும் என்பதுதான். தொடர்பு கிடைத்த பிறகும், எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும், மறுமுனையில் உள்ள கணினிக்கு நம் விரல் அழுத்தியது தெரிந்துவிடும். ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்ற குரல் பிறந்தது இந்த இயற்பியலால்தான். (கைப்பேசியில் நிலைமை விசித்திரமானது. ஜி.எஸ்.எம். கைப்பேசி அந்தச் சுரத்தை ரேடியோ அலையில் அனுப்புவதே இல்லை. பேச்சைச் சுருக்கி அனுப்பும் முறையில் சுரம் சிதைந்துவிடும் என்பதால், ‘இவர் 1 அழுத்தினார்’ என்று தனிச் செய்தியாகப் போகிறது. நெட்வொர்க்கின் இணைப்பகம்தான் நம் சார்பில் அந்தச் சுரத்தை எழுப்புகிறது.)

இரண்டாவது மாற்றம் கணினி. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய எர்னா ஷ்னைடர் ஹூவர் தன் இரண்டாவது மகளைப் பெற்றுவிட்டு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது ஒரு பிரச்சினையின் தீர்வுக்கான வரைபடத்தைப் போட்டதாகச் சொல்வார்கள். பிரச்சினை இது: கணினி இயக்கும் தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் குவிந்தால் கணினி திணறிப்போய் எல்லாவற்றையும் கைவிட்டுவிடும். ஹூவரின் தீர்வு, அழைப்புகள் வரும் வேகத்தைக் கணினியே கண்காணித்து, கூட்டம் அதிகமானால் பதிவேடு, கணக்கு மாதிரியான வேலைகளைப் பின்னுக்குத் தள்ளி, அழைப்பை ஏற்று இணைக்கும் வேலைக்கு முதலிடம் கொடுப்பது. 1971 நவம்பரில் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. மென்பொருளுக்குக் கிடைத்த மிக ஆரம்பக் காலக் காப்புரிமைகளில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். மேசை மேல் வைத்துக் காட்ட இப்போது தண்டும் இல்லை, கையும் இல்லை.

இந்த இடத்தில் காப்புரிமை வாங்காத ஒருவரையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சேவை மையங்களின் உண்மையான மூளை அவருடையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஆக்னர் எர்லாங் 1909இலும் 1917இலும் வெளியிட்ட கட்டுரைகளில், தாறுமாறாக வரும் அழைப்புகளுக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்பதைக் கணக்கிடும் சூத்திரங்களைத் தந்தார்.

ஒரு மணி நேரத்தில் 120 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 4 நிமிடம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 480 நிமிட வேலை, அதாவது எட்டு ஆள் வேலை. எட்டுப் பேர் போதுமா? போதவே போதாது. அழைப்புகள் வரிசையாக, இடைவெளி விட்டு வருவதில்லை. எட்டுப் பேரோடு நடத்தினால் காத்திருப்போர் வரிசை நீண்டுகொண்டே போகும், முடிவே கிடையாது. ஒன்பது பேரென்றால் அழைப்பவர் சராசரியாக இரண்டரை நிமிடத்துக்கு மேல் காத்திருப்பார். பத்துப் பேரென்றால் சுமார் 50 வினாடி. பன்னிரண்டு பேரை உட்கார வைத்தால் 8 வினாடி. ஓர் ஆளைக் கூட்டியதில் இரண்டரை நிமிடம் ஐம்பது வினாடியாகச் சுருங்குகிறது. காற்று மழை நாளில் நாம் திட்டிக்கொண்டே கேட்கும் அந்தப் பாட்டின் நீளம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எர்லாங்கின் சூத்திரத்தை உலகத்தின் எந்தச் சேவை மையமும் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம். கணிதத்துக்குக் காப்புரிமை இல்லை என்ற விதியின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

*

சுரம், கணினி, எர்லாங்கின் கணக்கு மூன்றும் கூடிய இடத்தில்தான் பணம் கொட்டத் தொடங்கியது. அங்கே வந்து நின்றவர் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ரொனால்ட் காட்ஸ். 1985 முதல் வரிசையாக விண்ணப்பங்கள் போட்டார். அழைப்பவரின் எண், அவர் அழைத்த எண், அவர் அழுத்தும் இலக்கங்கள் ஆகிய மூன்றையும் கணினி சேர்த்துப் பார்த்து, இவருக்கு என்ன குரல் ஒலிக்க வேண்டும், இவரை ஆளிடம் அனுப்ப வேண்டுமா, தகுதி இல்லாதவர் என்று துண்டிக்க வேண்டுமா என்று தீர்மானிக்கும் முறைகளைச் சுற்றி எல்லை போட்டார். ஒரு விண்ணப்பத்திலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். வங்கி இருப்புக் கேட்பது, மருந்துக் கடையில் அதே மருந்தை மறுபடி கேட்பது, விமான டிக்கெட் விசாரிப்பது என்று இவை எல்லாமே அவருடைய எல்லைக்குள் வந்துவிடும் போலிருந்தது.

அவரை ‘காப்புரிமைக் கொள்ளைக்காரர்’ என்று திட்டுவோர் உண்டு. அந்தப் பட்டம் அவ்வளவு பொருத்தம் இல்லை. காசோலை சரிபார்க்கும் டெலிகிரெடிட் நிறுவனத்தை 1960களின் தொடக்கத்திலேயே கூட்டாகத் தொடங்கி நடத்தியவர் அவர், வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அல்ல. தொலைபேசியில் கணினியோடு மக்கள் பேசப்போகிறார்கள் என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். ஆனால் ஒன்று நடக்கப்போகிறது என்று முன்கூட்டிக் கண்டுகொள்வதும் அதைச் செய்து காட்டுவதும் ஒன்றாகிவிடுமா என்பதே வழக்கின் கேள்வியாக வந்து நின்றது.

2005, 2006ஆம் ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் 25 வழக்குகள் போட்டது. பிரதிவாதிகள் 165 பேர். முதலில் முன்வைத்தவை 31 காப்புரிமைகளிலிருந்து 1,975 கோரிக்கைகள். எந்த நீதிபதியால் இதைப் படிக்க முடியும்? வழக்குகள் கலிஃபோர்னியாவில் ஒரே நீதிமன்றத்துக்குத் திருப்பப்பட்டன. நீதிபதி, ஒரு பிரதிவாதிக் குழுவுக்கு 16, மொத்தமாக 64, அதற்கு மேல் கூடாது என்று வெட்டிவிட்டார். விட்டுப்போன கோரிக்கைகளில் தனித்தன்மையான விஷயம் இருந்தால் காட்டலாம் என்று வாய்ப்பும் கொடுத்தார். காட்ஸ் தரப்பு அதைக் காட்டவில்லை. 2011 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வெட்டுச் சரிதான் என்றது.

அந்தத் தீர்ப்பில் என்னை அதிகம் கவர்ந்தவை இரண்டு இடங்கள். முதலாவது, கணினி பற்றியது. காட்ஸின் பல கோரிக்கைகளில் இன்னின்னதைச் செய்யும் கணினிச் சாதனம் என்ற வகை வாக்கியங்கள் இருந்தன. பெறுவது, சேமித்து வைப்பது மாதிரி எந்தக் கணினியும் பிறவியிலேயே செய்யும் வேலை என்றால் கூடுதல் விளக்கம் வேண்டாம், மற்றபடி ஒரு சிறப்பு வேலையைச் செய்யும் என்று சொன்னால் எந்தப் படிமுறையில் செய்யும் என்று ஆவணத்தில் எழுதியிருக்க வேண்டும், எழுதாவிட்டால் அந்த எல்லைக்கு அர்த்தமே இல்லை என்றது நீதிமன்றம். ஸ்ட்ரோஜரைப் பார்த்து இப்படிக் கேட்கவே தேவை இருந்திருக்காது. அவருடைய படிமுறை தண்டிலும் பற்சக்கரத்திலும் செதுக்கப்பட்டிருந்தது. மென்பொருளில் அதைச் சொல்லாமல் தாண்டிப் போவது சுலபம்.

இரண்டாவது இடம் வேடிக்கையானது. அழைப்பவர்களுக்குக் குரல்வழிச் செய்தி தரும் சாதனம், அதில் அழைப்பவர்கள் இலக்கங்களை அழுத்துகிறார்கள் என்று ஒரு கோரிக்கை ஓடுகிறது. இதில் அத்துமீறுபவர் யார்? கருவியை நிறுவிய நிறுவனமா? நிறுவிய அன்றைக்கே குற்றம் நிகழ்ந்துவிட்டதா, இல்லை யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து 1 அழுத்திய கணத்திலா? பொருளுக்கும் செயலுக்கும் ஒரே வாக்கியத்தில் எல்லை போட்டால் எங்கே நிற்கிறோம் என்று எவருக்கும் தெரியாது என்று சொல்லி அந்தக் கோரிக்கைகளைச் செல்லாதவை ஆக்கியது நீதிமன்றம். எல்லாக் கோரிக்கைகளும் விழவில்லை, சிலவற்றை மறு விசாரணைக்கு அனுப்பினார்கள்.

இங்கிலாந்தில் நடந்த ஏரோடெல் வழக்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்த்தவர்களுக்குக் காலிங் கார்டு நினைவிருக்கும். அட்டையைச் சுரண்டி, இலவச எண்ணுக்கு அடித்து, ரகசிய எண்ணைப் போட்டால், மீதிப் பணம் எவ்வளவு என்று ஒரு குரல் சொல்லிவிட்டு ஊருக்கு லைன் கொடுக்கும். அந்த முன்பண அழைப்பு முறைக்கு 1980களின் நடுவில் காப்புரிமை கேட்டவர் கமில் என்ற கண்டுபிடிப்பாளர். இது வெறும் வியாபார முறை, கண்டுபிடிப்பே இல்லை என்றார்கள் எதிராளிகள். கீழ் நீதிமன்றமும் அப்படியே நினைத்தது. 2006 அக்டோபரில் மேல்முறையீட்டில் நீதிபதி ஜேக்கப் வேறு மாதிரி பார்த்தார்: சாதாரண தொலைபேசி நிலையத்தோடு, பணக்கணக்கைச் சரிபார்த்து அழைப்பைக் கடத்தும் தனி நிலையம் ஒன்றை இணைத்திருக்கிறார்கள், கருவிகளின் இந்தச் சேர்க்கையே புதிது, ஆகவே அது கண்டுபிடிப்புதான். பணம் வாங்கும் முறையை மட்டும் எழுதியிருந்தால் தப்பித்திருக்காது.

*

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் பேச்சளவில் கறாரானது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2002இல் சேர்த்து, 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த 3(கே) பிரிவு, கணித முறை, வியாபார முறை, ‘தன்னளவிலான’ கணினி நிரல், படிமுறை ஆகியவை கண்டுபிடிப்புகள் அல்ல என்கிறது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் அந்தத் தளர்வை ஏற்கவில்லை. 2019 டிசம்பரில் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தடை இருப்பது நிரலுக்குத் தன்னளவில் மட்டுமே, அது ஒரு தொழில்நுட்ப விளைவைத் தருமானால் காப்புரிமை கிடைக்கத் தடையில்லை என்று விளக்கியது.

இதைக் கொங்கு நாட்டுத் தோட்டம் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். ராத்திரி எந்நேரம் மூணு ஃபேஸ் வரும் என்று தெரியாமல், டார்ச் லைட்டோடு கிணற்று மேட்டுக்கு நடந்தவர்கள் இப்போது படுக்கையிலிருந்தே கைப்பேசியில் மோட்டாரைப் போடுகிறார்கள். ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு சிம். பெட்டியைப் பொறுத்து முறை மாறும். சிலவற்றில் மிஸ்டு கால் கொடுத்தால் போதும். சிலவற்றில் அழைப்பை அதுவே எடுத்து, 1 அழுத்தினால் ஓடவிடும், 2 அழுத்தினால் நிறுத்தும். யார் கூப்பிட்டாலும் ஓடிவிடக் கூடாது என்பதால் பதிவு செய்த எண்ணா என்று பார்க்கும். அழைத்தவர் எண், அழுத்திய இலக்கம், அதற்கேற்ற முடிவு: சென்னைச் சேவை மையத்தில் நடப்பதன் சிறு வடிவம்தான் கிணற்று மேட்டிலும் நடக்கிறது.

இதில் எதற்கு எல்லை போடலாம்? ‘போன் செய்தால் மோட்டார் ஓடும்’ என்பதற்குப் போட முடியாது, அது ஆசை. எண்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கும் தன்னளவில் முடியாது. ஆனால் அந்தப் பெட்டிக்கு வேறு தலைவலிகள் உண்டு. மூன்றில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டார் காயில் கருகும். ஆயிரம் அடி போரில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும். மின்னோட்டத்தின் மாற்றத்தை வைத்து எப்போது தண்ணீர் இல்லை, எப்போது வெறும் குறைந்த வோல்டேஜ் என்று பிரித்தறிந்து, சரியான நேரத்தில் நிறுத்தி, சொந்தக்காரருக்குத் தானே அழைத்துச் சொல்லும் ஒரு சுற்றமைப்பை யாராவது புதிதாகச் செய்து, அதைப் படத்தோடும் அளவோடும் எழுதிக் காட்டினால், அது காப்புரிமைத் தேர்வாளரிடம் வாதாடத்தக்க கண்டுபிடிப்பு. கணபதியிலும் பீளமேட்டிலும் மோட்டார் தொழிலில் ஊறியவர்களுக்கு இந்த மாதிரி ‘எப்படி’கள் நிறையவே தெரியும். எழுதி வைக்கும் பழக்கம்தான் நம்மிடம் குறைவு.

*

எழுதி வைத்தவர் ஒருவர் தமிழ்நாட்டிலேயே இருந்தார். மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார், ஒன்றுக்கு மேற்பட்ட சிம் கார்டுகளைப் போட்டு, வெவ்வேறு நெட்வொர்க்குகளில் இயங்கி, அழைப்புகளைத் தனித்தனிக் காதொலிப்பான்களுக்கும் புளூடூத் கருவிகளுக்கும் பிரித்தனுப்பும் கைப்பேசிக்கு 2002 மார்ச்சில் சென்னையில் விண்ணப்பித்தார். 2008 பிப்ரவரியில் காப்புரிமை கிடைத்தது, எண் 214388. அந்த நேரம் பார்த்து இந்தியச் சந்தையில் இரட்டை சிம் கைப்பேசிகள் வெள்ளமாக வந்துகொண்டிருந்தன. ஊருக்குள் ஒரு நிறுவனத்தின் டவர் எடுக்கும், தோட்டத்தில் இன்னொன்றின் டவர் எடுக்கும். ஒன்றில் கால் கட்டணம் மலிவு, மற்றதில் எஸ்.எம்.எஸ். மலிவு. இரண்டு சிம் நம் மக்களின் அன்றாடத் தேவையாக இருந்தது.

கடை கடையாக வழக்குப் போட்டுத் திரிவதைவிடச் சுலபமான கதவு ஒன்று அப்போது திறந்திருந்தது. 2007ஆம் ஆண்டின் சுங்க விதிகள்படி, காப்புரிமை வைத்திருப்பவர் அதைச் சுங்கத்துறையில் பதிவு செய்துகொண்டால், அத்துமீறும் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்த இரட்டை சிம் கைப்பேசிகள் அப்படி நிறுத்தப்பட்டன. இறக்குமதியாளர்கள் அதிர்ந்துபோனார்கள். போலி கைக்கடிகாரத்தையும் போலி முத்திரையையும் கண்ணால் பார்த்தே சுங்க அதிகாரி பிடித்துவிடலாம். ஒரு கைப்பேசி ஒரு கோரிக்கையின் எல்லைக்குள் வருகிறதா என்று அவர் எப்படித் தீர்மானிப்பார்? பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. கன்டெய்னரைத் திறந்து பார்த்து விடை சொல்ல முடியாது.

ஸ்பைஸ், சாம்சங் நிறுவனங்கள் அந்தக் காப்புரிமையையே ரத்துச் செய்யக் கோரிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போயின. ஃபின்லாந்தின் பெனிஃபோன் நிறுவனம் இரண்டு சிம் போடும் ‘ட்வின்’ என்ற கைப்பேசியை 2000ஆம் ஆண்டிலேயே விற்றிருந்தது. ஆக, ‘ஒரே போனில் இரண்டு சிம்’ என்ற ஆசைக்கு எல்லை போட இடமே இல்லை. மிஞ்சியது, பல சிம்களையும் பல காதொலிப்பான்களையும் ஒன்றாகச் சேர்த்த அந்தக் குறிப்பிட்ட அமைப்பு. ஏற்கெனவே தெரிந்தவற்றை வைத்தே துறை அறிந்த ஒருவர் இதற்கு வந்து சேர்ந்திருக்க முடியும், கண்டுபிடிப்புக்குரிய முன்னேற்றம் இதில் இல்லை என்று 2012 ஜூனில் வாரியம் காப்புரிமையை ரத்துச் செய்தது.

வாரியம் சொன்ன காரணத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. தனியொருவர் பன்னாட்டு நிறுவனங்களை எதிர்த்து நின்றார் என்பதற்காக எல்லை அகன்றுவிடாது. எனக்குக் குறையாகப் படுவது முந்தைய ஆறு ஆண்டுகள். 2002இல் கேட்டதைத் தேடிப் பார்த்து 2008இல் கொடுத்த அலுவலகத்தின் கையில், அந்த இடைவெளியில், இரட்டை சிம் பற்றிய பழைய தாள்கள் கிடைத்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு பிடுங்குவது இரு தரப்புக்கும் செலவு.

சுங்கக் கதவை அரசே 2018 ஜூனில் மூடியது. 2007 விதிகளிலிருந்து காப்புரிமை நீக்கப்பட்டது, வணிகச் சின்னமும் பதிப்புரிமையும் இருக்கின்றன. 2021இல் மேல்முறையீட்டு வாரியமும் கலைக்கப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவு வந்தது. கிணற்று மேட்டுப் பெட்டியைப் பற்றிக் கோவைக்காரர்கள் இருவருக்குள் நாளைக்குத் தகராறு வந்து, ஒருவர் மற்றவரின் காப்புரிமையை ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்டால், அந்தக் கட்டு இப்போது போய்ச் சேரும் இடம் அதுதான்.